கேட்காமல் வந்த கார்டு

இந்த டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கல், மேடம். பிறந்ததே டெல்லியில்தான், வயது ஐம்பத்தேழு ஆகிறது, இன்னும் எனக்கு இஞ்சி டீ ஒத்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை, குடிக்கிறேன். நீங்கள் தமிழில் கேட்கிறீர்களே, அதுவே பெரிய உபகாரம். உங்கள் பேச்சில் மதுரை தெரிகிறது. இந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனில் மதுரைத் தமிழ் கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

மறைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட இடத்திலிருந்து தொடங்காமல் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். நடுவிலிருந்து கேட்டால் நான் ஏதோ கெட்ட மனிதன் மாதிரித் தெரிவேன்.

என் பெயர் பூவராகவன். இந்த ஊர்க்காரர்கள் வாயில் முழுதாக நுழையாது, ஆபீஸில் ராகவன்ஜி. அப்பா விருத்தாசலத்திலிருந்து மத்திய அரசு குமாஸ்தாவாக வந்தவர். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்தேன், மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தேன், ஹிந்தியைத் தெருவில் கற்றேன். அப்பாவின் ஹிந்தி காய்கறி வண்டிக்காரனோடு நின்றுவிட்டது. அம்மாவுக்கு அதுவும் கிடையாது. அதனால் எட்டு வயதிலிருந்து எங்கள் வீட்டுக்கு நான்தான் வாய். அம்மாவுக்கு உதிரப்போக்கு நிற்காமல் இருந்தபோது, டிஸ்பென்சரியில் லேடி டாக்டருக்கு முன்னால் நான்தான் நின்றேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டு தமிழில் சொல்வாள். நான் நிமிர்ந்து நின்று ஹிந்தியில் சொல்ல வேண்டும். எத்தனை துணி மாற்றினாள், என்ன நிறம், கட்டியாகப் போகிறதா. வரிசையில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா மோர் கரைத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அந்த வாய் காலனிக்கே பொதுவாகிவிட்டது. யாருக்கு என்ன காரியம் ஆக வேண்டுமென்றாலும் ராகவனைக் கூட்டிக்கொண்டு போ. கேஸ் ஏஜென்சி, மின்சார ஆபீஸ், ஆஸ்பத்திரி, பேங்க். எனக்கு வேலை வெட்டி இருக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்கள். வியர்வையும் விபூதியும் நேற்றைய சாம்பாரும் கலந்த ஒரு வாடை நேராக என் முகத்தில் அடிக்கும். சொன்னதையே மூன்று தடவை கத்திச் சொல்வார்கள், எனக்குக் காது மந்தம் என்பது போல. நான் ஹிந்தியில் சொல்லி முடித்ததும், “நல்லா அழுத்திச் சொன்னீங்களா?” என்று ஒரு கேள்வி. காரியம் முடிந்தால் முறுக்கு டப்பா வரும். ஊரிலிருந்து வந்த முறுக்கு, காறல் எண்ணெய் வாடையோடு. நான் அந்த டப்பாவைத் தொட மாட்டேன். என் மனைவி சாந்தகுமாரிதான் கழுவித் திருப்பிக் கொடுப்பாள்.

வாடையையாவது மூக்கைப் பிடித்துக்கொண்டு சகித்துவிடலாம். இப்படி இருவருக்கு நடுவில் நிற்கிறவனுக்கு எல்லோருடைய பொய்யும் முதலில் தெரியும், அதுதான் குமட்டும். மகன் அடித்ததில் கை ஒடிந்திருக்கும், மாடிப்படியில் விழுந்ததாக டாக்டரிடம் சொல்லச் சொல்வார்கள். இறந்துபோன மாமனாரின் பென்ஷனை வாங்கித் தின்றுகொண்டிருப்பார்கள், அவர் ஊருக்குப் போயிருப்பதாக பேங்கில் சொல்லச் சொல்வார்கள். “இத மட்டும் அவங்ககிட்ட சொல்லிராதீங்க” என்று காதோரம் வந்து ஓதுவார்கள், எச்சில் தெறிக்கும். எத்தனையோ வருடம் அவர்களுடைய பொய்யை நல்ல ஹிந்தியில் நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதை யாரும் குற்றம் என்று சொன்னது கிடையாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காந்திமதியம்மாள் எங்களுக்கு எதிர் பிளாக், மாடி. திருநெல்வேலிக்காரர், புருஷன் இல்லை. மகன் ஜெகன் துணை ராணுவத்தில் இருக்கிறான். அவனை வடகிழக்கு எல்லைக்கு மாற்றியபோது டெல்லிக் குவார்ட்டர்ஸை வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். அம்மா தனியாக இருக்கக் கூடாதென்று ஓர் அறையை நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் பெண்ணுக்கு வாடகைக்கு விட்டிருந்தான். அவள்தான் ஃபெபி. அரசாங்க வீட்டில் வாடகைக்கு ஆள் வைக்கக் கூடாது, கண்டுபிடித்தால் வீடு போய்விடும், ஜெகன் வேலைக்கும் சங்கடம். அதனால் கேட்பவர்களிடமெல்லாம் “எங்க அக்கா மவ” என்று காந்திமதியம்மாள் சொல்லி வைத்திருந்தார். டெல்லி குவார்ட்டர்ஸ்களில் இப்படி அக்கா மகள்கள் நிறையப் பேர் உண்டு. இவள் கழுத்தில் சிலுவை போட்ட அக்கா மகள்.

அந்தப் பெண்ணின் ஹிந்தி ஆஸ்பத்திரி வார்டில் கற்றது. ஆண்பால் பெண்பால் எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். கேட்டால் எனக்குப் பல் கூசும். ஆனால் தயக்கம் கிடையாது. “பையா, ஜல்தி கரோ”, அண்ணா சீக்கிரம் என்று ஒரு சிரிப்போடு ஆரம்பித்தால் எதிரில் இருப்பவன் வேலையை முடித்துக் கொடுத்துவிடுவான். முதலில் காந்திமதியம்மாளின் மருந்து, பிறகு அவர் சிநேகிதியின் கேஸ் சிலிண்டர், பிறகு மொத்த பிளாக்கும் அவளிடம் போக ஆரம்பித்தது. ஒருநாள் சாப்பிடும்போது சாந்தகுமாரி சொன்னாள்: “பரமசிவம் அண்ணனோட பேங்க் விஷயத்த ஃபெபி போன்லயே முடிச்சிட்டாளாம். நீங்களா இருந்தா லீவு போட்டு, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு, அவரையும் அலைய விட்டிருப்பீங்க. போங்க, இனிமே உங்களை யாரும் தேட மாட்டாங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, ஜன்னலோரம் பேப்பர் படிப்பேன். யாரும் வர மாட்டார்கள். அப்படியே மதியமாகிவிடும். முறுக்கு டப்பாக்கள் எதிர் பிளாக் படியேறிப் போகும். அந்த வாடை ஒழிந்ததே என்று எனக்குச் சந்தோஷம். நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம், மேடம். சந்தோஷம்தான்.

இந்த வருட ஆரம்பத்தில் ஃபெபிக்கு மத்திய அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சிங் ஆபீசர் வேலை கிடைத்தது. போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும் பாக்கி. அல்வாவை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கும் வந்தாள். அவளை நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் கையெழுத்து வேண்டுமாம். “அங்கிள், நீங்க போட்டுத் தருவீங்களா? இது கிடைச்சா அம்மையை முந்திரி ஆலைக்குப் போக வேண்டாம்னு சொல்லிருவேன். கொட்டைத் தோடு உடைச்சு உடைச்சு கையெல்லாம் வெந்து போச்சு அங்கிள்” என்றாள். அப்பா இல்லாத வீடு, தம்பி படித்துக்கொண்டிருக்கிறான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் மேல் ஒரு போலீஸ் கேஸ் இருந்தால் அந்த வேலை கைக்கு வராது என்பது அப்போதே எனக்குத் தெரியும். நானும் அரசாங்க ஊழியன்தானே.

கார்டு வந்தது அதற்குச் சில நாள் கழித்து. காந்திமதியம்மாள் ஒரு கவரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் வந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

“தம்பி, இதக் கொஞ்சம் பாருங்கய்யா. ஜெகன் பேருக்கு புதுசா பேங்க் கார்டு வந்திருக்கு. நாங்க யாரும் கேக்கவே இல்ல. காலைலேருந்து எவனோ ஒருத்தன் வேற போன்ல ஹிந்தில பேசிட்டே கெடக்கான். ஃபெபிதான் கூரியர வாங்கி வச்சா. டூட்டி முடிஞ்சி வந்து பேங்க்ல கேக்கேன், யாரு கேட்டாலும் நம்பரச் சொல்லாதீங்கன்னுட்டுப் போயிட்டா. எனக்குன்னா நெஞ்சு படபடன்னு அடிக்கி. ஊரெல்லாம் ஏமாத்துன்னுல்லா சொல்லுதாவ.”

அவள் டூட்டிக்குப் போயிருந்ததால் என்னிடம் வந்திருக்கிறார். சோபாவில் உட்கார்ந்து, பாலித்தீன் உறையில் போட்ட போனை மடியில் வைத்துக்கொண்டார். உறையெல்லாம் மஞ்சளும் எண்ணெயும். அந்த விரலாலேயே கவரை என்னிடம் நீட்டினார்.

கடிதம் ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது. ஏதோ ஒரு கடையின் கணினியிலிருந்து பல பேருடைய கார்டு விவரங்கள் வெளியே போயிருக்கலாம் என்று பேங்குக்குச் சந்தேகம். அதனால் முன்னெச்சரிக்கையாக எல்லோருக்கும் பழைய கார்டை நிறுத்தி, கேட்காமலேயே புதிய கார்டு அனுப்புகிறார்கள். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, பழைய கார்டை வெட்டிப் போடுங்கள். அவ்வளவுதான். போனில் பேசியவன் அனேகமாக பேங்க் ஆளாக இருக்கும், இல்லாவிட்டால் வழக்கமான ஏமாற்றுக்காரனாக இருக்கும். போனை எடுக்காமல் விட்டால் போதும். யாரும் எதையும் திருடவில்லை, மேடம். முதலிலிருந்து கடைசி வரை இந்தக் கேஸில் திருட்டு என்று ஒன்று நடக்கவே இல்லை.

அதை நான் ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடந்திருக்கும்? எழுந்து போயிருப்பார். சாயங்காலம் அந்தப் பெண் வந்து அதையே சொன்னதும், “ராகவன் தம்பியும் அப்படித்தான் சொன்னாரு” என்றிருப்பார். தம்பியும்.

“யாராவது கேட்காம பேங்க்காரன் அனுப்புவானாம்மா?” என்றேன்.

“அப்ப யாரு கேட்டிருப்பா?”

“ஜெகன் கார்டு நம்பர் யாருக்கெல்லாம் தெரியும்?”

“மருந்து ஆர்டர் போடுததுக்கு ஃபெபிட்ட சொல்லி வச்சிருக்கான்.” சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார். “சேச்சே, அவ நல்ல பிள்ளைல்லா.”

“நான் ஒண்ணும் சொல்லலைம்மா. நல்ல பிள்ளைதான்.”

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் பயம் வந்தது. பிறகு அந்தப் பயத்துக்குள்ளிருந்து ஒரு ருசி எட்டிப் பார்த்தது. தன் கையால் சோறு போட்ட பெண்ணைப் பற்றி ஒரு கெட்டது கிடைத்ததும் கிழவியின் கண்ணில் ஒரு பளபளப்பு. “ரெண்டு நாளா அவ போக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு” என்றார். இரண்டு நாளில் அவள் நைட் டூட்டியிலிருந்து பகல் டூட்டிக்கு மாறியிருந்தாள், அவ்வளவுதான். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இவர்களுக்காகவா எட்டு வயதிலிருந்து நான் பேசிக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. ஜெகனுக்குப் போன் போட்டோம். அவன் இருந்த இடத்தில் சிக்னல் இல்லை. கடிதம் என்னிடமே இருக்கட்டும், நாளைக்குக் காலையில் ஸ்டேஷனில் போய் ஒரு வார்த்தை விசாரித்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் நான்தான் ஆட்டோ பிடித்தேன். போகும் வழியில் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தக் கார்டை வீட்டில் வைத்துக்கொண்டு ராத்திரி தூக்கமே வரவில்லையாம். ராத்திரி ஃபெபி வரும்போது பேங்க் மூடிவிட்டதால், காலையில் அவள் கிளம்பும்போது, பேங்கில் காட்டிக் கேட்டுவிட்டு வா என்று அவளிடமே கொடுத்து அனுப்பிவிட்டாராம். அதாவது, கார்டு அந்தப் பெண்ணின் பையில் இருந்தது. அது வரைக்கும் நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். அந்த ஆட்டோவில்தான் எனக்கு வழி தெளிவாகத் தெரிந்தது. “அக்கா மவன்னு அங்க சொல்லிராதீங்க. ஆதார் கேப்பாங்க, மாட்டிக்குவீங்க. ஜெகன் குவார்ட்டர்ஸ் போயிடும். நீங்க தமிழ்ல என்கிட்ட சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்” என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். என்ன விஷயம் என்று கேட்டார். காந்திமதியம்மாள் என் பக்கம் திரும்பிச் சொன்னது இதுதான்: “இந்தக் கார்டு நெசமா ஏமாத்தான்னு மட்டும் கேட்டுச் சொல்லச் சொல்லுங்க. அந்தப் பிள்ளைக்கு ஒரு தொந்தரவும் வந்துரக் கூடாது.”

நான் ஹிந்தியில் சொன்னது: வீட்டில் தங்கி அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் பெண், போலீஸ் வெரிஃபிகேஷன் செய்யாமல் வைத்துவிட்டார்கள். அவள் மகனுடைய பெயரில் புதுக் கார்டு வரவழைத்து, கூரியரைத் தானே வாங்கி, எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் ஒவ்வொரு வாக்கியம் முடிக்கும்போதும் காந்திமதியம்மாள் தலையை ஆட்டினார். “ஆமாய்யா, அவரு சொல்லுததுதான்” என்று சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்துத் தமிழில் சொன்னார். நம்பிக்கை பாருங்கள். பால் குடித்த குழந்தை மாதிரி முகம்.

வேறு ஏதாவது காணாமல் போயிருக்கிறதா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். கேட்டேன். “அப்படி ஒண்ணும் போகலய்யா” என்றார். அவருடைய வலது கையில் வளையல் இல்லை, மூளியாக இருந்தது. கார்டுக்காக மட்டும் கேஸ் எழுத மாட்டார்கள், பேங்குக்குப் போ என்று அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு தங்க வளையல் காணவில்லை என்று சொன்னேன். எழுதி முடித்துக் கொடுத்த ஹிந்திக் காகிதத்தில் அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும், “நல்ல மனுசரு, பொறுமையாக் கேட்டாரு” என்று சப்-இன்ஸ்பெக்டரைப் புகழ்ந்தார்.

ஃபெபியை வார்டிலிருந்து யூனிஃபாரத்தோடு அழைத்து வந்தார்கள். பையில் கார்டு இருந்தது. நாங்களும் திரும்ப வரவழைக்கப்பட்டோம். அவள் அழவில்லை. தன்னுடைய ஓட்டை ஹிந்தியில் நிதானமாகச் சொன்னாள். பேங்கில் கேட்பதற்காக அம்மாதான் கொடுத்து அனுப்பினார், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போவதாக இருந்தேன், அவரையே கேளுங்கள். சொன்னது அத்தனையும் நிஜம். சப்-இன்ஸ்பெக்டருக்கும் அது நிஜம் போலத்தான் பட்டிருக்க வேண்டும். என்னைப் பார்த்து, இந்த அம்மாவிடம் கேளுங்கள், இவர்தான் கார்டைக் கொடுத்தாரா என்றார்.

கேட்டேன். காந்திமதியம்மாள் உடனே, “ஆமா, நாந்தான் குடுத்து அனுப்புனேன்” என்றார்.

நான் சப்-இன்ஸ்பெக்டரிடம், “நஹி” என்றேன், இல்லை என்று. எனக்குத் தெரியவே தெரியாது என்கிறார், என்றேன்.

அந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்த ஆள் என்னைத் தவிர ஃபெபி ஒருத்திதான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முதலில் நான் தெரியாமல் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். திருத்திக்கொள்வேன் என்று காத்திருந்தாள். நான் பேசாமல் இருந்ததும், “இவர் பொய் சொல்கிறார், அம்மா அப்படிச் சொல்லவில்லை” என்று ஹிந்தியில் கத்தினாள். மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். பெண் கான்ஸ்டபிள் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தார். பிறகு அவள் தமிழில், “அம்மா, இவங்க மாத்திச் சொல்றாங்க. ஒரு நஹி கூடவா உங்களுக்குத் தெரியாது? சொல்லுங்கம்மா” என்றாள். என்னிடம், “அங்கிள், ஏன் அங்கிள்?” என்றாள்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. டெல்லிக்கு ரயிலேறுகிறவனுக்கு ஜான்சி வருவதற்குள் நஹி தெரிந்துவிடும். காந்திமதியம்மாளுக்கும் தெரியும். ஆமாவுக்கு நஹி சொல்லப்பட்டதை அவர் கேட்டார், மேடம். என் முகத்தைப் பார்த்தார். நான் மெதுவாக, “குவார்ட்டர்ஸ்” என்றேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தார். அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று அந்த அறையில் எனக்கு வந்த அருவருப்பு என் வாழ்க்கையில் வந்ததில்லை. நானாவது ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருந்தேன். அவர் வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

மற்றதெல்லாம் உங்கள் ஃபைலில் இருக்கிறது. ஆஸ்பத்திரி அவளை வேலையை விட்டு நிறுத்தியது. ஜாமீனில் வந்தவளைக் காந்திமதியம்மாள் வீட்டுக்குள் விடவில்லை, பெட்டியைப் படியில் வைத்துவிட்டார். கூட வேலை பார்த்த ஜார்க்கண்ட் பெண் ஒருத்தி தன் அறையில் வைத்துக்கொண்டாள். மத்திய அரசு வேலைக்கான உத்தரவு வெரிஃபிகேஷனில் நின்றுவிட்டது. ஒருநாள் அந்த ஜார்க்கண்ட் பெண் டூட்டி முடிந்து வந்து கதவைத் தட்டியபோது, திறக்க ஃபெபி உயிரோடு இல்லை.

நான் அதை எதிர்பார்க்கவில்லை. நீங்கள் சிரித்தாலும் சரி, அது உண்மை. அவள் ஊருக்குப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவரவர் இடத்துக்கு அவரவர் திரும்புவது ஒன்றும் பெரிய தண்டனை இல்லையே.

காலனி பழையபடி ஆயிற்று. அய்யாசாமி வீட்டில் மின்சாரக் கட்டணத் தகராறு, என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஃபெபியின் அம்மா நாகர்கோவிலிலிருந்து வந்து இறங்கியபோதும், ஹிந்தி தெரியாத பொம்பிளை, தனியாக என்ன செய்வார், ராகவனை அனுப்புங்கள் என்று எல்லோருமாகச் சொன்னார்கள். போனேன். மகள் மேல் திருட்டுக் கேஸ் என்ற அளவுக்குத்தான் அந்த அம்மாவுக்குத் தெரியும், ஸ்டேஷனில் நான் மாற்றிச் சொன்னது தெரியாது. வெந்து கறுத்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். ரயிலில் வந்த வாடை, அழுத வாடை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு முதல் தடவையாக அருவருப்பு வரவில்லை. மார்ச்சுவரியில் ஒவ்வொரு ஜன்னலிலும் அவருக்காக நான்தான் பேசினேன். எல்லாம் சரியாகத்தான் சொன்னேன், ஒன்றைத் தவிர. அதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. அந்த ஜார்க்கண்ட் பெண் உங்களிடம் வந்து சொல்லியிருப்பாள்.

பிரேதத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அவள் வந்து அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு ஹிந்தியில் சொன்னாள். ஃபெபி கடைசி வரை ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாளாம். நான் எதையும் எடுக்கவில்லை, எனக்கு ஏதாவது ஆனால் என் அம்மாவிடம் இதை மட்டும் நீ சொல்ல வேண்டும் என்று.

“அந்தப் பிள்ள என்ன சார் சொல்லுகா? எனக்க மவ என்ன சொன்னாளாம்?” என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

நான் சொன்னேன்: “தெரியாம எடுத்துட்டேன், தப்புப் பண்ணிட்டேன், அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுன்னு சொன்னாளாம்.”

அந்த அம்மா சத்தம் போட்டு அழவில்லை. மகளின் காலைப் பிடித்துக்கொண்டு, “எடுத்தா என்ன மக்களே, எனக்கிட்ட சொல்லியிருக்கலாமே. எடுத்தா என்ன மக்களே” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஜார்க்கண்ட் பெண் அவர் தலையைத் தடவினாள். தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

அதைக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. யோசித்துப் பாருங்கள். தப்புச் செய்த மகளை ஒரு தாய் மன்னித்துவிட்டுத் தூங்கலாம். தப்பே செய்யாத மகள் என்றால் அந்த அம்மா கோர்ட்டு கோர்ட்டாக ஏறி இறங்கியிருப்பார். பாஷை தெரியாத ஊரில் யார் கூடப் போவார்கள்? நான்தான் போக வேண்டியிருக்கும்.

ஜெகன் லீவில் வந்து எஃப்.ஐ.ஆரைப் படித்திராவிட்டால் இது இத்துடன் முடிந்திருக்கும். வளையல் என்று பார்த்ததும் அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அந்த வளையல் பாளையங்கோட்டையில் அவன் தங்கை வைஷ்ணவி கையில் இருந்ததாம். அம்மாவை உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகக் கேட்டிருக்கிறான். அவர் கதறி எல்லாவற்றையும் என் தலையில் போட்டுவிட்டார், தன் பங்கை மட்டும் விட்டுவிட்டு. அது என் தலைக்கு உரியதுதான், நான் மறுக்கவில்லை. சாந்தகுமாரி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். என் தட்டைத் தொட்டால் குமட்டுகிறதாம். அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கார்டு யாரும் கேட்டு வரவில்லை என்று எனக்கு முதல் நிமிடமே தெரியும். வளையல் காணாமல் போகவில்லை என்று தெரியும். ஆமா என்றதை நஹி என்றேன். எடுக்கவில்லை என்றதை எடுத்தேன் என்றேன். கையெழுத்துப் போடுகிறேன், தமிழிலேயே போடுகிறேன்.

ஃபெபியின் அம்மாவை மறுபடி வரவழைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. உள்ளே வரும்போது வெளியில் பெஞ்சில் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். அவரிடம் இதையெல்லாம் யாராவது சொல்லியாக வேண்டும். நீங்களே தமிழில் சொல்லிவிடலாம், அது சரி. ஆனால் நீங்கள் மதுரை, அந்த அம்மா பேசுவது நாகர்கோவில் தமிழ், பாதி உங்களுக்குப் பிடிபடாது. என்னைக் கூப்பிடுங்கள், மேடம். நான் பக்கத்தில் நின்றால் அவருக்கு ஒரு தைரியமாக இருக்கும்.